விடாத காணாக்கடிக்குச் சரியான சிகிச்சை: எதை முதலில், எதை அப்புறம்

ஆறு வாரத்துக்கு மேலாகத் தினமுமோ, இரண்டு நாளைக்கு ஒரு தரமோ, உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அரித்து எடுத்துவிட்டு, சுவடே இல்லாமல் அடங்குகிறதா? வீட்டில் காணாக்கடி என்பார்கள், டாக்டர் சீட்டில் கிரானிக் அர்ட்டிகேரியா என்று எழுதியிருப்பார். எனக்கு இது வந்து அடங்கியதிலிருந்து சொந்தத்திலோ அலுவலகத்திலோ யாருக்குத் தடித்தாலும் போன் எனக்குத்தான் வருகிறது. பேசிப் பார்த்தால் பாதிப் பேர் கையில் சரியான மாத்திரையே இருக்கிறது, அதைச் சாப்பிடுகிற முறைதான் தப்பு. மீதிப் பேர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வைத்தியம் என்று டெஸ்ட் மேல் டெஸ்ட்டாக அலைகிறார்கள். இந்த நோயில் பெரும்பாலும் வெளியே காரணம் எதுவும் கிடைப்பதில்லை, கிடைக்காமலே முழுதாக அடக்க முடியும். அதனால் வரிசை முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. தடிப்போடு மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, குரல் மாறுவது, நாக்கு வீங்குவது, தலை சுற்றி மயக்கம் வருவது, இவற்றில் எது வந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்குத் தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

1. முதலில் பேனாவை எடுத்துத் தடிப்பைச் சுற்றி வட்டம் போடுங்கள்

புதிதாக எழும்பிய ஒரு தடிப்பைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். காணாக்கடி என்றால் அந்தக் குறிப்பிட்ட தடிப்பு 24 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே, இருந்த இடம் தெரியாமல் மறையும். புதிது வேறு இடத்தில் கிளம்பும். "எனக்கு மூன்று நாளாக மறையவே இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் ஒவ்வொன்றும் மறைந்து வேறொன்று முளைத்துக்கொண்டிருக்கும், வட்டம் போட்டால்தான் அது தெரியும்.

வட்டத்துக்குள் இருப்பது ஒரு நாள் தாண்டியும் அப்படியே நிற்கிறது, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகம், மறைந்த இடத்தில் கன்றிப்போன மாதிரிக் கறுப்புத் தழும்பு விழுகிறது என்றால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டும், மருந்தும் வேறு.

இன்னொரு வகை: தடிப்பே இல்லாமல் உதடு, கண் இமை, நாக்கு மட்டும் திரும்பத் திரும்ப வீங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கக்கூடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வீக்கம் உண்டு என்றால் பரம்பரை வீக்க நோயா என்று பார்க்க வேண்டும், அதற்கு அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் வேலை செய்யாது. விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, எடை குறைவது கூடவே இருந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக அதைத்தான் சொல்ல வேண்டும்.

2. போட்டோவும் ஒரு நோட்டும்

டாக்டரிடம் போகிற அன்று காலையில் தோல் பளிங்கு மாதிரி இருக்கும். இந்த நோயின் குணமே அப்படி, ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டம் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அதனால் எழும்பும்போதே நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், கிட்டத்தில் ஒன்று, எந்த இடம் என்று தெரிகிற மாதிரித் தள்ளி நின்று ஒன்று.

அப்புறம் நோட்டு. தினம் ராத்திரி படுக்கும் முன் இரண்டே எண்கள் எழுத வேண்டும். கடந்த 24 மணி நேரத்தில் தடிப்பு எத்தனை: இல்லை என்றால் 0, இருபதுக்குள் 1, இருபதிலிருந்து ஐம்பது 2, ஐம்பதுக்கு மேல் அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பரப்பாகிவிட்டால் 3. அரிப்பு எவ்வளவு: இல்லை 0, லேசாக 1, தொந்தரவாக ஆனால் வேலை பார்க்க முடிகிறது 2, தூக்கமும் வேலையும் கெடுகிறது 3. இரண்டையும் கூட்டினால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6, ஏழு நாளைக்கு 42. உலகம் முழுக்கத் தோல் டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான், யு.ஏ.எஸ்.7 என்று சொன்னால் அவருக்குப் புரியும். வாரக் கூட்டல் 6-க்குள் இருந்தால் நல்ல கட்டுப்பாடு, 16-ஐத் தொட்டால் நடுத்தரம், 28-ஐத் தொட்டால் கடுமை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எண் இல்லாமல் "பரவாயில்லை டாக்டர், கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்பவருக்கு அதே மருந்தே திரும்ப எழுதப்படும். போன மாதம் 31, இந்த மாதம் 24 என்று நோட்டை நீட்டினால் மருந்து போதவில்லை என்பது ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். குறைந்தது இரண்டு வாரக் கணக்காவது கையில் இருக்கட்டும். ஆனால் அதற்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

3. வீட்டு மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், எப்போதாவது போடுவதையும் சேர்த்து, எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக வலி மாத்திரை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறா விடாத காணாக்கடி உள்ளவர்களில் கணிசமான பேருக்குத் தடிப்பைத் தூண்டிவிடும். முட்டி வலிக்கு வாரம் இரண்டு தரம் ஒன்று போட்டுக்கொண்டு, அன்றைக்குச் சாப்பிட்ட கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வலிக்கும் காய்ச்சலுக்கும் பொதுவாகப் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும்.

இதய நோய்க்காக ஆஸ்பிரின் எழுதப்பட்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிய டாக்டரிடம் கேட்டுத்தான். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் சூரணம், கறுப்பு உருண்டை எல்லாவற்றையும் கூடப் பட்டியலில் சேருங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு, கைகண்ட மருந்து மாதிரி இரண்டு நாளில் அடங்கி நிறுத்தியதும் இரட்டிப்பாக வந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம், என்ன மருந்து என்று எழுதி வாங்கிச் சாப்பிடுங்கள், மற்ற மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

4. யாரிடம் போவது, என்ன கேட்பது

தோல் டாக்டரிடம். அலர்ஜி சிறப்பு மருத்துவர் இருக்கும் ஊர் என்றால் அவரிடமும் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு வெளிநோயாளி சீட்டு போட்டு நேரடியாகவே பார்க்கலாம், கூட்டம் இருக்கும், ஆனால் இந்த நோயை அவர்கள் பார்க்கிற அளவுக்குத் தனியாரில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரே டாக்டர். இதுதான் பலரால் முடியாத காரியம். பத்து நாளில் அடங்கவில்லை என்று ஆளை மாற்றினால் புது டாக்டர் முதல் படியிலிருந்துதான் தொடங்குவார், இப்படியே நான்கு டாக்டரிடம் நான்கு முறை முதல் படியே நடக்கும். போனதும் கேட்க வேண்டிய கேள்வி: "இது எத்தனை வாரத்துக்கு, அதற்குள் அடங்கவில்லை என்றால் அடுத்து என்ன?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. டெஸ்ட்டுகள்: கொஞ்சம் போதும்

சர்வதேச வழிகாட்டு நெறிகள் ஆரம்பத்தில் கேட்பது ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.யும்தான். சிறப்பு மருத்துவர் இதோடு அலர்ஜியோடு தொடர்புள்ள ஆன்டிபாடியான ஐ.ஜி.ஈ.யின் மொத்த அளவு, தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. ஆன்டிபாடி இரண்டையும் பார்ப்பார். காரணம், இந்த நோயில் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலில் இருக்கும் மாஸ்ட் செல் என்ற அணுக்களைச் சீண்டி, அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது, அதில் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது சகஜம். ஐ.ஜி.ஈ. குறைவாகவும் டி.பி.ஓ. அதிகமாகவும் இருந்தால் பின்னால் 10-வது படியில் வரும் ஒமலிசுமாப் ஊசி மெதுவாகவோ குறைவாகவோ வேலை செய்யலாம் என்று முன்கூட்டியே ஒரு யோசனை கிடைக்கும். ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் மலப் பரிசோதனை செய்து பூச்சி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அவ்வளவுதான். நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் அலர்ஜி பார்க்கும் பேக்கேஜுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். அதில் ஒரு பொருளுக்கு 'பாசிட்டிவ்' வந்தால் உங்கள் உடம்பு அதை அடையாளம் வைத்திருக்கிறது என்று அர்த்தம், அதனால்தான் தடிக்கிறது என்று ஆகாது. நிஜமான உணவு அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், சாப்பிடுகிற ஒவ்வொரு தரமும் வரும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு விடிகாலை மூன்று மணிக்கு எழும்புகிற தடிப்புக்கும், ஒரு நாள் வந்து மறுநாள் அதே மீனுக்கு வராத தடிப்புக்கும் உணவைக் குற்றம் சொல்ல முடியாது.

நம் ஊரில் பத்தியம் என்று ஆரம்பித்தால் கத்தரிக்காயில் தொடங்கிக் கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை, தக்காளி, புளி என்று போய்க் கடைசியில் ரசஞ்சோறும் இட்லியும்தான் மிஞ்சும், அப்போதும் தடிப்பு நிற்காது, ஆள் இளைத்துப்போவதுதான் மிச்சம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது நல்லதே இல்லை. ஒரு பொருள் மேல் உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் நோட்டில் அதற்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள், நட்சத்திரத்துக்கும் எண்ணுக்கும் தொடர்பு தெரிந்தால் டாக்டரிடம் பேசலாம். தெரியாவிட்டால் மனசார மீன் குழம்பு சாப்பிடுங்கள்.

6. தூண்டிவிட்டால் மட்டும் வருகிற வகையா?

சிலருக்கு இது தானாக வருவதில்லை, ஏதோ ஒன்று தூண்டுகிறது. பேனா மூடியால் முன்கையில் லேசாக அழுத்திக் கோடு இழுத்தால் சில நிமிடத்தில் அந்தக் கோடு அப்படியே தடித்து எழும்பினால் ஒரு வகை, பாவாடை நாடா, பெல்ட் இறுக்குகிற இடத்தில் இவர்களுக்குத்தான் முதலில் அரிக்கும். வியர்த்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ, காரமாகச் சாப்பிட்டாலோ கடுகளவு சிறு பொரிகள் கிளம்பினால் இன்னொரு வகை, சித்திரை வெயிலில் இவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. பை தூக்கிய தோளிலோ, நெடுநேரம் நின்ற பாதத்திலோ பல மணி நேரம் கழித்து வலியோடு வீங்குவது மூன்றாவது.

குளிரால் வருகிற வகைக்கு மட்டும் தனி எச்சரிக்கை. ஐஸ் பட்ட இடம் தடிக்கும் என்றால் அருவிக் குளியல், கிணற்றில் குதிப்பது, கடலில் இறங்குவது எல்லாவற்றையும் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்துங்கள். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் குளிர் பட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தண்ணீரிலேயே மயங்க வாய்ப்புண்டு. குற்றாலத்துக்கு வண்டி ஏறும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இந்தப் பரிசோதனைகளை மருத்துவமனையில் செய்யும்போது சில நாள் முன்பிருந்தே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மருந்தின் மறைவில் ஒன்றும் தெரியாது. எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து முறை எல்லா வகைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தூண்டுதலைக் குறைப்பது மட்டும் கூடுதல் வேலை.

7. மாத்திரை: அரித்தால் போடுவதை நிறுத்தி, தினமும் போடுங்கள்

இந்த முழு விஷயத்தில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

செட்ரிசின் 10 மி.கி., லெவோசெட்ரிசின் 5, லோரடடின் 10, டெஸ்லோரடடின் 5, ஃபெக்ஸோஃபெனடின் 180, பிலாஸ்டின் 20, எபாஸ்டின் 10, ருபடடின் 10. இவை எல்லாம் இரண்டாம் தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள், முதல் படி மருந்து இவற்றில் ஒன்றுதான். அரிப்பு வந்த பிறகு போடுவது ஏன் பலன் தருவதில்லை என்றால், ஹிஸ்டமின் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை மருந்து முன்பே அடைத்துக்கொள்ள வேண்டும், பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டைப் பிடித்து வைப்பது மாதிரி. ஹிஸ்டமின் உட்கார்ந்த பிறகு துண்டைப் போட்டு என்ன பயன். அதனால் அரிக்கிறதோ இல்லையோ தினமும், ஒரே நேரத்தில்.

இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதுதான் நான் பார்த்ததில் அதிகம் நடக்கிற தவறு. நிறுத்தியதும் வரும், வந்ததும் போடுவார், அடங்க ஒரு நாள் ஆகும், "இந்த மாத்திரை கேட்க மாட்டேன் என்கிறது" என்பார். மாத்திரை கேட்கத்தான் செய்கிறது, அதற்கு நேரம் கொடுக்கவில்லை. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

அவில், அடராக்ஸ் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் தினசரிச் சிகிச்சைக்கு வேண்டாம் என்றுதான் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த மருந்து மூளைவரை போய்த் தூக்கம் வரவழைக்கிறது, மறுநாள் பகலிலும் கவனம் மந்தமாக இருக்கும், அதிலும் வயதானவர்கள் தடுமாறி விழுகிற ஆபத்து உண்டு. ராத்திரி தூங்க வைக்கிறதே என்று பலர் அதை விரும்புகிறார்கள், அது அரிப்பு அடங்கிய தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாப்பிடும் முறையில் இரண்டு சின்ன விஷயம், ஆனால் பலன் பாதியாகக் குறைவது இங்கேதான். பிலாஸ்டினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போட வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாக ஏறாது, அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்தோடும் சேர்க்கக் கூடாது.

சிறுநீரகக் கோளாறு, இதயத் துடிப்பில் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும், எந்த மருந்து எவ்வளவு என்பது அதைப் பொறுத்து மாறும். காசு ஒரு பிரச்சினை என்றால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேளுங்கள், செட்ரிசின் வகை எல்லாம் ரொம்ப மலிவு, பிராண்ட் பெயரால் எந்தப் பெரிய வித்தியாசமும் வரப்போவதில்லை.

8. ஒன்று போதவில்லை என்றால் அதே மாத்திரையைக் கூட்டுவது

நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் நோட்டில் எண் இறங்கவில்லை. இப்போது டாக்டர் அதே மாத்திரையை இரண்டாக, தேவைப்பட்டால் நான்கு வரைக்கும் கூட்டலாம். மருந்து அட்டையில் ஒரு நாளைக்கு ஒன்று என்றுதான் போட்டிருக்கும், அதனால் மெடிக்கல் ஷாப்பில் "இது அதிகம், டாக்டர் தப்பா எழுதிட்டார் போல" என்று பயமுறுத்துவார்கள். சர்வதேச வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிற படிதான் இது, நான்கு மடங்கு வரைக்கும். ஆனால் டாக்டர் எழுதித் தந்து, அவர் கண்காணிப்பில். நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, கவனம். கடைகளில் லெவோசெட்ரிசினோடு ஆஸ்துமாவுக்குத் தரும் மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை, ஜலதோஷத்துக்குப் பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தான ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மாத்திரை என்று கலவைகள் நிறைய. நான்கு மடங்கு என்றால் கலவை மாத்திரை நான்கு கிடையாது, அப்படிப் போட்டால் கூட இருக்கிற மருந்தும் நான்கு மடங்காகிவிடும். அட்டையைத் திருப்பி, உள்ளே ஒரே ஒரு மருந்துதான் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மான்டெலுகாஸ்ட் விஷயத்தில் இன்னொன்று, சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல் போன்றவை வருவதால் 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. டாக்டர் யோசித்து எழுதினால் சரி, கலவையில் தானாக ஒட்டிக்கொண்டு வருவதால் மாதக்கணக்கில் சாப்பிடுவது சரியில்லை.

இரண்டு மூன்று வெவ்வேறு அலர்ஜி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுவதைவிட ஒன்றையே கூட்டுவதுதான் பரிந்துரைக்கப்படும் முறை, எது கேட்கிறது எது பக்கவிளைவு தருகிறது என்று பிரித்துப் பார்க்க அதில்தான் முடியும். கூட்டிய முதல் சில நாள் பைக், கார் ஓட்டுவதில் நிதானம் வேண்டும், செட்ரிசின் வகை அதிக அளவில் பலருக்குத் தூக்கம் வரவழைக்கும். தாங்க முடியாவிட்டால் தூக்கம் குறைவான வேறொன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள். மது கூடவே கூடாது.

9. ஸ்டீராய்டு: அவசரத்துக்கு மட்டும்

பெட்னசால், வைசலோன் போட்டால் மறுநாளே தோல் சுத்தமாகிவிடும், அதனால்தான் ஆபத்து. நிறுத்தினால் திரும்ப வரும், திரும்பப் போடத் தோன்றும், சீட்டு இல்லாமலே கிடைக்கிற ஊர் நம் ஊர். மாதக்கணக்கில் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, எலும்பு, கண்ணில் புரை என்று ஒவ்வொன்றாக வரும். கடுமையான நேரத்தில் டாக்டர் சில நாளைக்குத் தருவது உண்டு, அதிகபட்சம் பத்து நாள் என்பதுதான் வழிகாட்டு நெறி. வாரா வாரம் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவதும் பெரும்பாலும் இதே ஸ்டீராய்டுதான், சீட்டில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப்போயிருக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

10. நான்கு மடங்கிலும் அடங்கவில்லை என்றால்

பலர் இங்கே வந்து "இனி ஒன்றும் இல்லை" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கு மேலும் படிகள் இருக்கின்றன, அதை நீங்களே கேட்க வேண்டியிருக்கும், ஏனென்றால் செலவைப் பார்த்து நோயாளியால் முடியாது என்று டாக்டர் தானாகவே முடிவு செய்து சொல்லாமல் விடுவதுண்டு.

அடுத்தது ஒமலிசுமாப் ஊசி. ஸோலேர் என்ற பெயரில் வந்தது, இந்த நோய்க்கு 2014-ல் அனுமதி பெற்றது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி., தோலுக்கு அடியில். ஆஸ்துமாவில் எடையும் ஐ.ஜி.ஈ.யும் பார்த்து அளவு போடுவார்கள், காணாக்கடிக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. சிலருக்கு ஒரே வாரத்தில் தெரியும், சிலருக்கு ஆறு மாதம்வரை பொறுக்க வேண்டும், முதல் ஊசியிலேயே பலன் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரையையும் தொடர வேண்டும். போட்டதும் கிளம்பாமல் மருத்துவமனையிலேயே அவர்கள் சொல்கிற நேரம்வரை உட்கார்ந்திருங்கள், அபூர்வமாக ஊசிக்கே கடும் அலர்ஜி வரலாம்.

விலை அதிகம், ஒளிக்க ஒன்றுமில்லை. முதல் ஊசிக்கு முன்பே மூன்று கேள்வி: ஆறு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு, நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா, என் இன்சூரன்ஸ் வெளிநோயாளியாகப் போடும் ஊசிக்குப் பணம் தருமா. கடைசிக் கேள்விக்கு இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

ஊசி முடியாது, அல்லது கேட்கவில்லை என்றால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின். விலை குறைவு, ஆனால் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடியது, தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட்டும் பி.பி.யும் பார்த்து, தொடங்கிய பிறகும் தவறாமல் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போக முடியாதவர் இதைத் தொடங்கவே கூடாது. வேறு எந்த மருந்து சேர்த்தாலும் சொல்லுங்கள், பப்ளிமாஸ் பழத்தையும் தவிர்த்துவிடுங்கள், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

2025-ல் டுபிலுமாப் ஊசிக்கும், ரெமிப்ருடினிப் மாத்திரைக்கும் இந்த நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் பேச்சை எடுத்துப் பாருங்கள்.

11. கூடவே செய்ய வேண்டியவை

கைத்தறிப் பருத்தி, தளர்ந்த உடை, இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம். வெந்நீரைவிட இளஞ்சூட்டுத் தண்ணீர். அரிக்கும்போது கேலமைன் லோஷனோ ஈரத் துணியோ வைத்தால் ஆறுதல் (குளிரால் வருகிற வகைக்கு ஈரத் துணி வேண்டாம்). குப்பைமேனி, அருகம்புல் என்று பச்சிலைப் பற்றுப் போடுவதில் சிலருக்குத் தோல் எரிந்து, எது தடிப்பு எது புண் என்றே தெரியாமல் போகும், நான் யாருக்கும் சொல்வதில்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் அரிப்பு கூடுகிற மாதிரிப் பலர் சொல்கிறார்கள், மன அழுத்தமும் அப்படித்தான். ஆனால் "எல்லாம் டென்ஷன்தான், மாத்திரை வேண்டாம்" என்று சொல்கிற உறவினரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஒட்டுவாரொட்டி நோய் இல்லை இது. பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

12. அடங்கிய பிறகு இறக்குவது

நோட்டில் பூஜ்யம் பூஜ்யமாக வரத் தொடங்கியதும் மாத்திரையை விட்டுவிடத்தான் கை துடிக்கும். குறைந்தது மூன்று மாதம் முழுக் கட்டுப்பாட்டில் இருந்த பிறகே இறக்கத் தொடங்க வேண்டும், அதுவும் மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் குறைக்காமல். நான்கு சாப்பிடுகிறவர் மூன்று, அடுத்த மாதம் இரண்டு என்று. இந்த நோய் பலருக்கு இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு இருந்துவிட்டுத் தானாகப் போகிறது, சிலருக்கு அதற்கு மேலும் நீளும். மருந்து அதைப் போக்குவதில்லை, அது போகிறவரை உங்களை நிம்மதியாக வைக்கிறது. அதனால் எப்போது போய்விட்டது என்று கண்டுபிடிக்க இப்படி மெதுவாக இறக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

கல்யாணம், பரீட்சை, வெளியூர்ப் பயணம் இருக்கிற மாதத்தில் இறக்க வேண்டாம். இறக்கும்போது திரும்ப எழும்பினால் கடைசியாக எந்த அளவில் பூஜ்யமாக இருந்ததோ அந்த அளவுக்குத் திரும்பி, டாக்டரிடம் சொல்லிவிட்டு, இன்னும் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஊசியில் இருப்பவர்களுக்கு இடைவெளியைக் கூட்டிப் பார்ப்பதா, அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர் சொல்வார், அப்போதும் அவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான், பழைய பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள்.